கலியாணசுந்தரம் தோள் மாற்றினார்

வியாழக்கிழமை காலை, மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வாங்கக் கிளம்பிய கலியாணசுந்தரம், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து நின்றார். சரிகைக் கரை வேட்டி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. மீசை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. முறுக்கும்போது கை ஆடியதில் இடது பக்கம் மேலே போயிருந்தது.

"மாமா, இப்படிப் போனா டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுவாரு," என்றான் லோகேஷ்.

"பின்ன, அழுக்கு லுங்கியோட போவணுமா மாப்ள? கவர்மெண்ட்டு ஆபீசரைப் பார்க்கப் போறோம். ஒரு மரியாதை வேணாம்?"

"அவங்க பார்க்கப் போறது உங்க உடம்பை. சட்டையை இல்ல."

தறியில் இருந்த அவர் மனைவி ஏலவார்குழலி எழுந்திருக்காமலே குரல் கொடுத்தார். "விடுங்க மாப்ள. அவருக்கு அந்தச் சட்டையைப் போட்டுவிட நான் பட்ட பாட்டை டாக்டரு பார்த்திருந்தா, உள்ள வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டிருப்பாரு."

அவரும் கூட வந்திருக்க வேண்டும். ஆனால் முகூர்த்தப் புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றது. மறுநாள் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். கல்யாணப் பெண் காத்திருக்க மாட்டாள். நரம்பு டாக்டரும் காத்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் நடக்கும் சான்றிதழ் முகாமுக்கு அவர் வருவது மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமை. ஆக, மாமனாரும் மருமகனும் மட்டும் கிளம்பினார்கள்.

கலியாணசுந்தரத்துக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் நடுக்குவாதம் என்பார்கள். கை நடுக்கம் அதில் சின்ன சமாசாரம்தான். பெரியது, உடம்பு சொல்பேச்சு கேட்காமல் போவது. நட என்றால் கால் நடக்காது. நில் என்றால் நிற்காது. முகத்தில் சிரிப்பு வர நினைத்தாலும் பாதி வழியில் நின்றுவிடும். மாத்திரை போட்டால் எல்லாம் கொஞ்சம் இளகும். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெளியில் வாங்க வேண்டியிருந்தது.

அங்கேதான் சிக்கல். போன மாதம் விபூதி டப்பாவைத் திறந்த லோகேஷ், உள்ளே துணியில் முடிந்துவைத்திருந்த அரை மாத்திரைகளைப் பார்த்தான். மூன்று வேளைக்கும் அவர் பாதிப் பாதியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"முழுசாப் போடுங்க மாமா. நான் வாங்கித் தர்றேன்."

"வேணாம் மாப்ள."

"ஏன்?"

"எங்க பொண்ணு இருந்த வரைக்கும் நீங்க வாங்கிக் குடுத்தீங்க. தின்னேன். இப்ப அவ இல்ல. மாப்ள காசுல மாத்திரை தின்னுக்கினு இருந்தா நல்லா இருக்காது."

லோகேஷின் மனைவி இளவரசி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் அந்த வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டான். ஒரகடத்துக் கம்பெனிப் பேருந்து தெருமுனையில் நிற்கும். அதில் ஏறிப் போவான், வருவான். ஏன் இன்னும் அங்கே இருக்கிறாய் என்று அவன் அம்மா வாலாஜாபாத்திலிருந்து போனில் கேட்பாள். சாப்பிட்டாயா என்று அவன் பேச்சைத் திருப்பிவிடுவான். எதிலும் மனம் ஒட்டாத காலம் அது. ஆனால் அந்த அரை மாத்திரைகள் அவனை உறுத்தின. ரொம்ப நாளுக்குப் பிறகு ஒன்று உறுத்தியது.

"கவர்மெண்ட்டுல மாசாமாசம் உதவித்தொகை வருது மாமா. சான்றிதழ் வேணும். அது உங்க பேர்ல வர்ற பணம். அதுல மாத்திரை வாங்கலாம் இல்ல?"

கலியாணசுந்தரம் யோசித்தார். "அது எம் பணம்தான். அதுல வாங்கலாம்."

நாற்பது சதவீதத்துக்கு மேல் ஊனம் என்று டாக்டர் எழுத வேண்டும். எழுதினால் முழு மாத்திரை. எழுதாவிட்டால் விபூதி டப்பா. அவ்வளவுதான் கணக்கு.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிலைப்படி. வாசல் என்று ஒன்று எதிரே வந்தால் போதும், கலியாணசுந்தரத்தின் இரண்டு காலும் தரையில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். தள்ளினாலும் நகராது, இழுத்தாலும் நகராது. ஒரு சாயங்காலம் அப்படி வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றபோது தெருமுனையில் சாமி புறப்பாடு வந்தது. நாதசுரக்காரர் மல்லாரி பிடித்தார். தவில் ஒரு அடி விழுந்ததுதான் தாமதம். கலியாணசுந்தரம் படி இறங்கி, தெருவைத் தாண்டி, கூட்டத்துக்குள் போய் நின்றார்.

காரணம் இல்லாமல் இல்லை. முப்பது வருடம் அவர் கோயிலில் சாமி தூக்கியவர். பகலில் தறி, திருவிழாவில் தண்டு. வாகனத் தண்டுக்கு அடியில் வலது தோளைக் கொடுத்துவிட்டால் அப்புறம் கால் நடப்பது தவிலுக்குத்தான். மூளைக்கு அதில் வேலை இல்லை. மூளை கைவிட்ட பிறகும் தவில் கைவிடவில்லை.

அன்றைக்கே லோகேஷ் செல்போனில் ஒரு மல்லாரியைப் பதிந்துவைத்தான். அதிலிருந்து அந்த வீட்டில் எந்த வாசலைத் தாண்டுவதானாலும் நாதசுரம்தான். கூடத்துக்கு மல்லாரி. கொல்லைக்கு மல்லாரி. காலையில் கக்கூசுக்குப் போகும்போதும் மல்லாரி. அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டில், "சாமி புறப்பாடு ஆயிடுச்சு, மணி ஆறு," என்று அடுப்பு பற்றவைப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் முகாம் நடந்த வராந்தாவில் ஏற்கெனவே நல்ல கூட்டம். நாற்காலி கிடைத்த இடத்தில் பக்கத்தில் ஓர் அம்மாள், ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். பெயர் சம்பூர்ணம். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது. மூன்று சக்கர ஸ்கூட்டரில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பழைய அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமாம்.

கலியாணசுந்தரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாண்ணே, சீர் எடுத்துக்கினு வந்தீங்களா? தட்டு எங்க?"

"நானும் சொன்னேன். கேக்கல," என்றான் லோகேஷ்.

"மொத தடவையா? அதான். கேட்டுக்கங்கண்ணே. உள்ள போனா டாக்டரம்மா கேப்பாங்க, இது முடியுமா, அது முடியுமான்னு. முடியாதுங்கறதை முடியாதுன்னு சொல்லணும். அவ்ளோதான் பரீட்சை."

"பொய் சொல்லணுமா?"

"பொய் யாரு சொல்லச் சொன்னது? உள்ளதை முழுங்காம சொல்லுங்க. இல்லாட்டி காரியம் கெட்டுடும். என் வீட்டுக்காரரு தம்பி அப்படித்தான், காது கேக்கலன்னு வந்துட்டு, டாக்டரு பின்னாடி நின்னு மெதுவா பேர் சொல்லிக் கூப்பிட்டதும் 'இன்னா சார்'னு திரும்பிட்டான்."

"அப்ப காது கேக்குது இல்ல?"

"அன்னிக்குன்னு பார்த்து கேட்டுடுச்சுண்ணே!" சம்பூர்ணம் ஒரு பிடி கடலையை அவர் கையில் வைத்தார். கை ஆடியதில் பாதி கீழே சிதறியது. "ஆங், இதை அப்படியே உள்ள போய்ச் செய்யுங்க. போதும்."

பெயரைக் கூப்பிட்டார்கள்.

லோகேஷ் கைத்தாங்கலாக அழைத்துப் போனான். நாலைந்து எட்டு வந்தார். அப்புறம் அறை வாசல் வந்தது. கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் அடுத்தவர்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஒரு சக்கர நாற்காலி வந்து முட்டியது. "பெரியவரே, வழி விடுங்க," என்றார் வாசலில் நின்ற ஊழியர். பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

லோகேஷின் கை சட்டைப் பைக்குள் போனது. தினம் பத்துத் தடவை போகிற கை. யோசிப்பதற்குள் செல்போனை எடுத்து அமுக்கியும்விட்டது.

மல்லாரி வராந்தா முழுக்க முழங்கியது.

கலியாணசுந்தரத்தின் முதுகு நிமிர்ந்தது. வலது தோள் மேலே எழுந்தது. ஒரு அடி, ஓர் அசைவு. ஒரு அடி, ஓர் அசைவு. தோளின் மேல் சாமி குலுங்காமல், மாலை ஆடாமல், அவர் உள்ளே எழுந்தருளினார். எடை பார்க்கும் கருவியை இடக்கையால் ஒதுக்கி, மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி, டாக்டருக்கு எதிரே வந்து, இறக்கி வைப்பதுபோல் முழங்காலை லேசாக மடக்கி நின்றார்.

"போச்சு!" என்று வராந்தாவிலிருந்து சம்பூர்ணத்தின் குரல் கேட்டது.

அப்போதுதான் லோகேஷுக்கு உறைத்தது. செல்போனை அணைத்தான்.

டாக்டர் சுகாசினி பேனாவைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். வயது லோகேஷைவிட நாலைந்து கூட இருக்கும். "நடையில பிரச்சினைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இவருக்குத்தானா?"

"இவருக்குத்தான் மேடம். பாட்டுப் போட்டா மட்டும்..."

"தாளம் கேட்டா நடை வரும். இந்த நோய்ல அது உண்டு. எனக்குத் தெரியும்." குரலில் கோபம் இல்லை. "ஆனா நான் நடையை மட்டும் வெச்சு எழுத முடியாது. நீங்க பேசாதீங்க. அவரே சொல்லட்டும். ஐயா, உட்காருங்க. சட்டை நீங்களே போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவேனே."

லோகேஷ் கூரையைப் பார்த்தான்.

"பட்டன்?"

"அதுக்கென்னம்மா."

"சோறு பிசைஞ்சு சாப்பிட முடியுதா?"

"பேஷா."

"ராத்திரி புரண்டு படுக்கிறது?"

"ஒரு கொறையும் இல்ல."

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். இன்னிக்கு முழுசா," என்றார் பெருமையாக. "பெரிய டாக்டரு முன்னாடி கை ஆடினா நல்லா இருக்காது பாருங்க."

"இன்னிக்கு முழுசான்னா? மத்த நாள்?"

கலியாணசுந்தரம் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, நான் பார்த்தவரைக்கும் இருபதுகூட வராது. இவர் சொன்னதை எழுதினா அதுக்கும் கீழ. வீட்டுல யார் பார்த்துக்கிறாங்க? அவங்க வரலையா?"

"அத்தை தறியில இருக்காங்க மேடம்."

"போன் போடுங்க."

போட்டான். ஸ்பீக்கரில் முதலில் தறிச் சத்தம்தான் வந்தது. டாக்டர் பெயரைச் சொன்னதும் அது நின்றது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எல்லாமே செய்வேன்னு சொல்றாரு. உண்மையா?"

"அவரைப் போய்க் கேட்டீங்களா?" ஏலவார்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எமன் வந்து நின்னாலும் சௌக்கியம்தாங்க, உக்காருங்கன்னு சொல்ற ஆளும்மா அவரு. முடியலங்கற வார்த்தையே அவருக்கு வராது."

"ஏன்?"

"சாமி தூக்கற ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். தண்டுக்கு அடியில போனப்புறம் முடியல, வலிக்குது, கனக்குதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. சாமி கனம்னு சொன்ன மாதிரி ஆயிடும், பாருங்க. தாங்க முடியலன்னா தண்டைக் கையால ரெண்டு தட்டு தட்டுவாங்க. பின்னாடி வர்றவன் புரிஞ்சுக்கினு உள்ள பூந்து தோள் குடுப்பான். இவர் வெளிய வந்துடுவாரு. தோள் மாத்துன்னு பேரு. அதுல ஒரு கேவலமும் கிடையாது. எல்லாரும் மாத்துவாங்க. நீங்க அந்த மாதிரிக் கேட்டுப் பாருங்களேன்."

டாக்டர் சுகாசினி ஒரு கணம் செல்போனையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு மேஜையில் முன்னால் சாய்ந்தார்.

"ஐயா, சட்டை பட்டனுக்குத் தோள் மாத்தியாச்சா?"

கலியாணசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் வலது கை மேஜை விளிம்புக்கு வந்தது. ஆடிக்கொண்டே வந்தது. இரண்டு தட்டு தட்டினார்.

"மாத்தியாச்சும்மா. நாலு வருஷம் இருக்கும். அவதான் தோள் குடுக்கறா."

"சோறு?"

"பிசையறதை அவகிட்ட மாத்திட்டேன். எடுத்து வாயில போடறது நம்மகிட்டதான் இருக்குது. அதுவும் குழம்புச் சோறா இருந்தா பாதி சட்டையிலதான்."

"முக்காவாசி!" என்றது செல்போன்.

"குளிக்கிறது?"

"முதுகு மாப்ளகிட்ட. தலை அவகிட்ட."

"தறி?"

அவர் கை மேஜையிலேயே இருந்தது. "அது மொத்தமாவே மாத்தியாச்சும்மா. நூலைக் கொண்டு போற நாடா போன எடத்துக்குக் கை போவ மாட்டேங்குது. அவதான் நெய்யறா. நம்மளவிட நல்லாவே நெய்யறா. வெளிய சொல்லிடாதீங்க."

"எனக்குக் கேக்குது," என்றது செல்போன்.

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே கேட்டார். "ராத்திரி புரண்டு படுக்கிறது?"

"அது மாப்ள. கூப்பிடக்கூட வேணாம். கட்டில் கிரீச்சுன்னா போதும், மாடியில இருந்து எறங்கி வந்து நிப்பாரு. அவரு எப்பத் தூங்கறாருன்னே எனக்குத் தெரியல."

லோகேஷ் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தான். தூங்காமல் கிடக்கிற மனுஷனுக்கு, இறங்கிப் போய் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலை இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"பேச்சு?"

"அது நம்ம தோள்லயேதாம்மா இருக்குது."

"அதை எவன் வாங்குவான்!" என்றது செல்போன். வாசலில் நின்ற ஊழியர் வாய்விட்டுச் சிரித்தார். வராந்தாவில் சம்பூர்ணமும் சிரித்தார். கதவு திறந்தே கிடந்ததால் முகாம் மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் மாத்திட்டீங்க. உங்ககிட்ட மிச்சம் இன்னாதான் இருக்கு?" என்று டாக்டரும் அவர் பேச்சுக்கே வந்துவிட்டார்.

"மீசை," என்றார் கலியாணசுந்தரம். "அதை யாருக்கும் குடுக்கல. நானே முறுக்கிக்குவேன்." காட்டுவதற்காகக் கையைத் தூக்கினார். அது காதுப் பக்கம் போய், மூக்கில் இடித்து, கடைசியில் மீசைக்கு வந்து சேர்ந்தது.

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். கையை நீட்டி மடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். எழுந்து, பாட்டு இல்லாமல், ஜன்னல்வரை போய்த் திரும்பச் சொன்னார். ஜன்னல்வரை போனார். திரும்ப முடியவில்லை. திரும்பிய பாதியில் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். லோகேஷ் போய்த் திருப்பி அழைத்து வந்தான்.

"மாத்திரை விஷயம் இன்னும் சொல்லல," என்றார் டாக்டர்.

"பாதிப் பாதியாப் போடறாரு மேடம்," என்று லோகேஷ் சொல்லிவிட்டான். பேசாதே என்று சொன்னதை மறந்தே போனான். "நான் வாங்கித் தர்றேன்னா வேணாங்கறாரு. பொண்ணு இல்லாதப்புறம் மாப்ள காசு கூடாதாம்."

செல்போன் இணைப்பு இருக்கிறதா கட்டாகிவிட்டதா என்று டாக்டர் பார்த்தார். இருந்தது.

"ஏங்க," என்றார் ஏலவார்குழலி. மெதுவாகத்தான் சொன்னார். "தண்டுக்கு அடியில வந்து தோள் குடுத்தவனை, நீ யாரு வீட்டுப் புள்ளன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

கலியாணசுந்தரம் செல்போன் பக்கம் திரும்பினார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிடும் முகம் அது, அழுகையும் அப்படித்தான். மேஜை விளிம்பை இரண்டு முறை தட்டினார்.

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. முத்திரையைத் தேடி எடுத்து, ஊதி, அழுத்தமாக ஒரு குத்து குத்தினார்.

வெளியே வந்ததும் சம்பூர்ணம் வழி மறித்தார். "எவ்ளோண்ணே?"

"அறுபத்தஞ்சு."

"எனக்கு எழுவது!"

கலியாணசுந்தரத்தின் முகம் விழுந்துவிட்டது. "அஞ்சுல விட்டுட்டனே."

"கெட்டிக்காரருதான் போங்க. உள்ள பூந்த வேகத்துக்கு உங்களைப் பிடிச்சு ராணுவத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு இருந்தேன்." அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். "தம்பி, காசு கைக்கு வர இன்னும் சில மாசம் இழுக்கும். அதுவரைக்கும் பேஜாராவாதீங்க. கலெக்டர் ஆபீசுல கேட்டுக்கினே இருங்க."

மதிய மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடையில் லோகேஷ் ஒரு மாதத்துக்கு வாங்கினான். கலியாணசுந்தரம் பக்கத்தில் நின்று, பணம் கைமாறும் நேரத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் போகிற பேருந்துகளைக் கவனமாகப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். லோகேஷ் ஒரு மாத்திரையை வைத்தான். அவர் அதை உடைக்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலையும் அவனே பிடித்துக்கொண்டான்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ஏலவார்குழலியின் போன் வந்தது. "இன்னா போட்டாங்க மாப்ள?"

"அறுபத்தஞ்சு, அத்தை."

"அடேங்கப்பா! நம்ம பொண்ணு பத்தாவதுல கணக்குல முப்பத்தஞ்சுதான் வாங்கினா. அப்பாரு தேவலாம்."

இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் இளவரசியை இப்படிச் சாதாரணமாகப் பேச்சில் இழுத்ததில்லை. கலியாணசுந்தரம் மருமகன் முகத்தைப் பார்த்தார். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"முப்பத்தாறு, அத்தை," என்றான் லோகேஷ். "முப்பத்தஞ்சுன்னு சொன்னா சண்டைக்கு வருவா."

"ஒரு மார்க்குக்கா?"

"ஒரு மார்க்குக்குத்தான். ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கா."

அந்தப் பக்கம் ஏலவார்குழலி சிரித்த சிரிப்பு ஆட்டோக்காரருக்குக்கூடக் கேட்டது. லோகேஷுக்கும் சிரிப்பு வந்தது.

"சரி, சரி, முப்பத்தாறு," என்றார் அவர். "சீக்கிரம் வாங்க. சோறு பிசைஞ்சு வெக்கறேன்."